வரப்போரத் தும்பை

வெண்மைக்கு உவமை தேடி நம் மக்கள் தொலைவில் சென்றதில்லை. வெளுத்த வேட்டியைக் கண்டால், 'தும்பைப்பூப் போல இருக்கிறது' என்பார்கள். ஆனால் அந்தத் தும்பையை அருகில் அமர்ந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

தும்பை ஓராண்டுச் செடி. மழைக்குப்பின் வரப்பிலும் தரிசிலும் வழியோரத்திலும் முளைக்கிறது. பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்வதில்லை. அதன் தண்டை விரல்களிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டைகள் தட்டுப்படும். துளசித் தண்டும் அத்தகையதே. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கணுக்களைச் சுற்றிப் பூக்கள் கொத்தாக அமைகின்றன. ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு உதடுகள் உண்டு. சிறிய மேலுதடு மகரந்தத்துக்குக் கூரை. அகன்ற கீழுதடு தேனீ வந்தமரும் திண்ணை. தேனை நாடித் தலை நுழைக்கும் தேனீயின் மேல் மகரந்தம் படிந்து, அடுத்த பூவுக்குச் செல்கிறது. பூ உதிர்ந்தபின் புல்லிவட்டக் கிண்ணத்துள் நான்கு சிறு வித்துக்கள் விளைகின்றன. செடி காய்ந்து மடிகிறது. வித்துக்கள் மண்ணில் கிடந்து மழைக்குக் காத்திருக்கின்றன.

இச்சிறு பூவை நம் முன்னோர் சிறிதாக எண்ணவில்லை. தொல்காப்பியர் கூறும் புறத்திணை ஏழனுள் ஒன்று தும்பை. தம் வலிமையை நிலைநாட்ட எதிர்நின்ற வேந்தர் இருவர் பொருதுவதே அத்திணை. வீரர் சூடிய பூ இது! மேலைநாட்டுத் தாவர அறிஞரும் இதன் நிறத்தையே முதலிற் கண்டனர். 1810ஆம் ஆண்டில் ராபர்ட் பிரவுன் தம் நூலில் வழங்கிய 'லூக்காஸ்' என்னும் பேரினப் பெயர், வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது.

தும்பை இன்று அரிதான செடி அன்று. ஆயினும், அதற்கு வேண்டுவது வெயில் படும் வெற்று மண். அம்மண்ணை நாம் 'வீண் நிலம்' என்கிறோம். வழியோரத்தைச் சிமெண்டால் மூடுகிறோம். வரப்பிலும் களைக்கொல்லி தெளிக்கிறோம். ஓராண்டுச் செடிக்கு வேரில் சேமிப்பு இல்லை. வித்தே அதன் முழுச் செல்வம். வித்து முதிருமுன் அழிந்தால் அந்த ஆண்டின் வாழ்வே வீணாகிறது. பல்லாண்டு அவ்வாறே நேர்ந்தால், மண்ணில் உறங்கும் வித்துக்களும் தீர்ந்துபோகும். தேனீயும் வேறிடம் நாட வேண்டியதுதான்.

வயலுக்குள் முளைத்த களையை உழவர் நீக்கட்டும். அது அவர் உரிமை. ஆனால் வேலியோரத்தில், பள்ளி மைதானத்தின் மூலையில், ஒரு முழ மண்ணையேனும் வித்து முதிரும்வரை விட்டுவைப்பது நம்மால் இயலாததா? உவமை மட்டும் நம் நாவில் தங்கி, பூ நம் கண்ணினின்று மறைந்துவிடக் கூடாதன்றோ!