இல்லத்து நாய்க்கு ஈயும் தின்பண்டம்

 

திருவிழா மேடையில் நாயைப் பற்றி ஓர் உரையா என்று வியப்போர் இருக்கலாம். சீவக சிந்தாமணியைப் பயின்றோர் வியக்கமாட்டார்கள். குணமாலையார் இலம்பகத்தில், அந்தணர்க்கென ஆக்கிய சோற்றைத் தீண்டிவிட்டது என்பதற்காக ஒரு நாய் அடித்து வீழ்த்தப்படுகிறது. அதன் உயிர் பிரியும் வேளையில் சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு உற்ற துணையாகிறது. மந்திரம் கேட்கத் தக்க உயிராகவே திருத்தக்கதேவர் நாயைக் கண்டார் என்பது பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. ஒரு வாய்ச் சோற்றை முன்னிட்டு அதற்குச் சாவு வந்தது என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இன்றைய இல்லங்களில் நாயைத் தடிகொண்டு அடிப்பார் இலர். ஆயினும் ஒரு கவளத்தால் நாய்க்குக் கேடு வருவது நின்றபாடில்லை. இப்போது அது அன்பினால் வருகிறது.

தீபாவளியன்று, பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய அந்நாளில், வழிபாடு முடித்து வந்த குடும்பத்தார் சருக்கரைப் பொங்கலைப் பகிர்ந்துகொள்கின்றனர். வாசற்படியில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாய்க்கும் குழந்தை ஒரு கை அள்ளி வைக்கிறது. அப்பொங்கலில் நெய்யில் வறுத்த உலர்திராட்சை இருக்கிறது. திராட்சை, பச்சையாயினும் உலர்ந்ததாயினும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய வல்லது. ஒரு நாய் நிறைய உண்டும் தப்பிவிடும். இன்னொன்று சில பழங்களிலேயே வீழ்ந்துவிடும். எனவே இவ்வளவு கொடுக்கலாம் என்று அளவு சொல்ல மருத்துவர் எவரும் துணிவதில்லை. முதல் நாளில் வாந்தியும் சோர்வும் தோன்றும். அடுத்த ஓரிரு நாள்களில் சிறுநீர் குறையும். அதற்குள் மருத்துவம் தொடங்கிவிட வேண்டும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணம் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் கருதத் தலைப்பட்டுள்ளனர். அவ்வமிலம் மிகுதியாக உள்ள மற்றொரு பொருள் புளி. ஆகவே புளியோதரையும் குழம்புச் சோறும் நாயின் தட்டுக்கு உரியவை அல்ல.

லட்டு, மைசூர்பாகு போன்ற நெய் மிகுந்த இனிப்புகளில் திராட்சை இல்லாவிடினும் வேறொரு தீங்கு உண்டு. திடீரென மிகுந்த கொழுப்பை உண்ட நாய்க்குக் கணையம் அழன்று கடும் வயிற்றுவலி தோன்றலாம். பண்டிகைக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் கூட்டம் சேர்வதற்கு வெடியோசை மட்டுமே காரணமன்று. சாக்லேட்டின் தீமையை இக்காலச் சிறுவர்களே அறிவர். கறுப்பு நிறம் மிக மிக அதன் நச்சும் மிகும். சைலிட்டாலைத்தான் பலர் அறியார். நீரிழிவு உடைய பெரியவர்களுக்கென வாங்கும் சருக்கரையில்லாச் சூயிங்கம், மிட்டாய் முதலியவற்றில் சேரும் இனிப்பு அது. மனிதர்க்குத் தீங்கற்றது; நாய்க்கோ அரைமணி நேரத்திற்குள்ளேயே இரத்தத்தின் சருக்கரையைத் தாழ்த்தி மயங்கி விழச் செய்யும்; கல்லீரலையும் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. அவற்றை விலக்கிய சமையலறையில் வளரும் நாய் இவ்வகையில் பேறு பெற்றது. ஆனால் கடையில் வாங்கும் வறுவல் பொட்டலத்தில் வெங்காயப் பொடி இருக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நாய் இவற்றுள் ஒன்றை உண்டுவிட்டால் உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் பழைய வழக்கம் கூடாது, உப்பே நஞ்சாகிவிடும். என்ன உண்டது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, பொட்டலத்தின் உறையையும் எடுத்துக்கொண்டு, அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. வேறுபாடு எழுவது, நாய் கடித்து மெல்வதற்கென வாங்கும் பொருள்களில்தான். பேரன் இணையக் கடையில் நாய்க்கென ஒரு கட்டு வரவழைக்கிறான். பாட்டியார் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு உறையைப் படிக்கச் சொல்கிறார். உள்ளே இருப்பது எருதின் உறுப்பை உலர்த்திச் செய்த கோல் என்று தெரிந்ததும், இது படி ஏறக்கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிடுகிறார். ‘நாய் என்றால் எதையாவது கடிக்கத்தானே செய்யும் பாட்டி?’ என்கிறான் பேரன். இருவர் சொல்லிலும் உண்மை இருக்கிறது.

கடித்தல் நாயின் இயல்பு. பிறந்த சில வாரங்களில் முளைக்கும் 28 பாற்பற்கள், நான்காம் திங்கள் தொடங்கி ஏழாம் திங்களுக்குள் விழுந்து 42 நிலைப்பற்கள் அமைகின்றன. அக்காலத்தில் ஈறு நமநமப்பதால் குட்டி செருப்பையும் நாற்காலிக் காலையும் நாடும். வளர்ந்த நாய்க்கும் மெல்லுதல் மனத்தை அமைதிப்படுத்தும் தொழில். அதற்கு வழிசெய்யாமல் முற்றத்தில் கட்டிவைத்து, கடித்ததற்காக அடிக்கவும் செய்தால் அது விரதத்தைக் காத்ததாகாது. தத்துவார்த்த சூத்திரம் தன் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். வீட்டு விலங்கை உடையவர்க்கென்றே வகுத்தது போன்ற பட்டியல் அது.

எனினும் நாய்க்கு வேண்டுவது மெல்லுதல். ஊன்தான் மெல்ல வேண்டும் என்பது இல்லை. பேரனுக்குச் சொல்ல வேண்டிய விடை இதுவே. நாய் ஓநாயின் வழிவந்ததாயினும் ஓநாய் அன்று. 2013-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனின் சோற்றை உண்டு உண்டு நாயின் உடலே மாறியது எனலாம். பூனையின் உடல் அவ்வாறு மாறவில்லை. ஊனின்றிப் பூனையை வளர்க்க முனைவோர் அதன் கண்ணையும் இதயத்தையும் கெடுப்பர். இங்குப் பேசப்படுவது நாயின் சிறுதீனி மட்டுமே என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். நாயின் முழு உணவையும் மரக்கறியாக அமைக்க விரும்புவோர் பருப்பும் சோறும் போதும் என்று இருந்துவிடாமல், புரதமும் உயிர்ச்சத்துகளும் குறையாதவாறு கால்நடை மருத்துவரைக் கலந்து செய்தல் வேண்டும்.

ஊன்வழிப் பொருள்களை விரதம் கருதி விலக்குவோர்க்கு மருத்துவமும் பெரும்பாலும் துணை நிற்கிறது. சமைத்த எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைக் குத்தும். வெண்ணிறத்தில் முடிச்சுப் போட்டு விற்கப்படும் தோல் எலும்பு, மாட்டுத்தோலின் உட்பகுதியைச் சுண்ணாம்பிட்டு உரித்து உலர்த்திச் செய்யப்படுவது. வடிவம் எலும்பாயிருப்பதால் அதைப் பிளாஸ்டிக் என்றோ மாவுப்பண்டம் என்றோ எண்ணி வாங்கிய மரக்கறிக் குடும்பங்கள் பல. அது நாயின் வயிற்றில் ஊறிப் பருத்துக் குடலை அடைப்பதுண்டு. மான்கொம்பு தானே உதிர்வது, அதில் கொலை இல்லை என்பர் சிலர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டு மான்களின் கொம்பை விற்க இடம்தரவில்லை; அன்றியும் அதன் கடினம் மேல்தாடையின் பெரும்பல்லை விள்ளச் செய்யும்.

கடினத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் பதிய வேண்டும். பதியாத பொருள் பல்லைவிட வலியது. இந்தச் சோதனையில், மரக்கறி இல்லங்கள் பெரிதும் விரும்பும் ஒரு பண்டமும் சற்றுத் தடுமாறுகிறது. இமயமலைச் சாரலில் நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் பகுதி மக்கள் யாக் எருமை, பசு ஆகியவற்றின் பாலைத் திரித்து, நீரை வடித்து, அழுத்தி, திங்கள் கணக்கில் உலர்த்திச் செய்யும் ‘சுர்பி’ என்னும் பாற்கட்டி அது. அவர்கள் தாமே வாயில் அடக்கிச் சுவைக்கும் உணவு. இப்போது நாய்களுக்கென உலகெங்கும் செல்கிறது. எலுமிச்சைச் சாற்றால் திரித்தது என்று உறையில் இருந்தால் விரதத்திற்கு ஊறில்லை. ஆனால் கல்போன்றது. வெறிகொண்டு கடிக்கும் நாய்க்கும் முதிய நாய்க்கும் அது ஆகாது. பொறுமையாக நக்கி ஊறவைத்து மெல்லும் நாய்க்கு நன்று. விழுங்கக்கூடிய சிறு துண்டாகத் தேய்ந்ததும் வாங்கி, மைக்ரோவேவ் அடுப்பில் சிறிது நேரம் வைத்தால் பொரிபோல் உப்பும், ஆறியபின் கொடுக்கலாம்.

பல் துலக்கும் குச்சிகள் எனப் பல விற்பனையாகின்றன. ‘காய்கறி’ என்ற சொல் முகப்பில் இருந்தாலும் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ஜெலட்டின் என்பது தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. முட்டைப்பொடி இருக்கலாம். தேனும் பலவற்றில் உண்டு. ஊன், கள், தேன் மூன்றையும் விலக்குதலை மூலகுணமாகக் கொண்ட சிராவகர் இல்லத்தில் அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

விலையும் குறைந்து, உயிர்க்கொலையும் இல்லாத ஒன்று ரப்பர்ப் பொம்மை. அதன் கதை சுவையானது. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஃபிரிட்ஸ் என்னும் நாய் கற்களைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் தம் வோக்ஸ்வாகன் வண்டியைப் பழுதுபார்க்கையில் கழற்றிப் போட்ட ரப்பர் உறுப்பு ஒன்றை அது விடாமல் பற்றிக்கொண்டது. உள்ளே குழிந்து, இடை ஒடுங்கிய அவ்வடிவமே ‘காங்’ பொம்மையாயிற்று. இன்று அவ்வகைப் பொம்மைகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. குழிக்குள் உப்பிடாத தயிர்ச்சோற்றை அடைத்துக் குளிர்பெட்டியில் உறையவைத்துக் கொடுத்தால், கோடை நண்பகலில் நாய் தன் வேலையில் ஆழ்ந்துவிடும். பால் செரியாத வளர்ந்த நாய்க்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பல் முளைக்கும் குட்டிக்குப் பொம்மைகூட வேண்டா. தூய துணியை நனைத்து முறுக்கிக் குளிரவைத்துத் தந்தால் போதும், அருகிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரக்கறிச் சிறுதீனி எதுவென்று தேடினால் யாவரும் முதலில் கூறுவன கேரட்டும் சருக்கரைவள்ளியும். நாய்க்கு அவை நல்லவையே. ஆனால் நிலத்தின் கீழ் விளைவனவற்றை விலக்கிய இல்லத்தில் நாய்க்கென மட்டும் கிழங்கு வாங்குவது சங்கடம். அதற்கு வருந்த வேண்டியதில்லை. வெள்ளரித் துண்டு, வேகவைத்த பறங்கிக்காய், பிஞ்சு பீன்ஸ், விதை நீக்கிய ஆப்பிள், பப்பாளி, தர்ப்பூசணி ஆகியவை அதே பணியைச் செய்யும். பறங்கியை மெல்லிய கீற்றாக அரிந்து வெயிலில் உலர்த்தினால் கடித்து மெல்லவும் உதவும். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் மட்டும் கூடா. தின்று முடித்தபின் எறியும் இவ்விரண்டும் நாயின் குடலை அடைத்து அறுவை மருத்துவம் வரை கொண்டுசெல்வன.

அளவும் ஒன்று உண்டு. சிறுதீனி நாளொன்றின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். அதில் சிறுதீனிக்கு 60. மாரி பிஸ்கட் ஒன்றில் 25 கலோரி அளவு இருப்பதால் இரண்டோடு கணக்கு முடிந்துவிடும். தாத்தாவின் காலைத் தேநீருக்கு இரண்டு, மருமகள் கையால் இரண்டு, பள்ளிவிட்டு வந்த பேத்தி கையால் மூன்று என்று தனித்தனியே கொடுப்பதால்தான் நாய் உருண்டு திரண்டு நிற்கிறது. காலையில் ஒரு டப்பாவில் அன்றைய பங்கை இட்டுவைத்து, கொடுப்போர் யாவரும் அதிலிருந்தே எடுப்பது நல்ல முறை. கதிரவன் மறையுமுன் உண்ணும் இல்லங்களில் நாயையும் அந்நேரத்திற்குப் பழக்கலாம்; காலையும் மாலையும் இருவேளை உணவு அதற்குப் பொருந்தும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் இரவிலும் நிறைந்திருக்க வேண்டும்.

மெல்லும் பொருள் எதுவாயினும் நாயின் வாயைவிடப் பெரியதாக இருத்தல் வேண்டும். தேய்ந்த துண்டை வாயிலிருந்து பிடுங்கினால் அடுத்தமுறை அது உறுமும், அல்லது அவசரமாக விழுங்கும். ஒரு வெள்ளரித் துண்டைக் காட்டினால் தானே கீழே போட்டுவிட்டு அதற்கு வரும். குழந்தைகளுக்கும் இம்மாற்று முறையைக் கற்பித்துவிட்டால், பெரியவர் இல்லாத வேளையிலும் வீட்டில் உறுமலோ அழுகையோ எழாது.