கடவுளிடம் பற்றுச்சீட்டுக் கேட்கலாமா?



நான் தொழிலால் ஒரு கணக்காளன். ஜூன் மாதம் முடிந்துவிட்டால் இங்கு மெல்பேர்னில் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. வாடிக்கையாளர்கள் பைபையாகப் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். “இந்தச் செலவுக்குச் சீட்டு எங்கே?” என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட என்னிடமே ஒருநாள் என் மகள் சீட்டுக் கேட்டுவிட்டாள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2016ஆம் ஆண்டு எனக்கு இருதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த என் அம்மா, நான் பிழைத்தால் நல்லூர்த் திருவிழாவில் அடியழிப்பதாக நேர்த்தி வைத்தார். மறு ஆண்டு, எழுபத்தைந்து வயதில், அதை நிறைவேற்றினார். அன்றிரவு தொலைபேசியில், “முழங்கால் வீங்கிப் போச்சு, அது பரவாயில்லை. கந்தன் என்ர பிள்ளையைத் திருப்பித் தந்திட்டான்” என்றார். எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

சென்ற ஆண்டு அம்மா காலமானார். முப்பத்தோராம் நாள் நிகழ்வில் உறவினர்களுக்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லி, “அம்மாவின் நேர்த்திதான் என்னைக் காப்பாற்றியது” என்றேன். வீடு திரும்பும்போது காரில் மகள் கேட்டாள். அவள் மருத்துவப் புள்ளிவிபரத் துறையில் வேலை செய்கிறவள்.

“அப்பா, நீங்கள் தப்பினது டொக்டர்மாராலயோ, அப்பம்மாவின்ர நேர்த்தியாலயோ?”

“ரெண்டாலயும்தான் பிள்ளை.”

“ரெண்டாவதுக்கு என்ன ஆதாரம்?”

“எல்லாத்துக்கும் ஆதாரம் கேட்கக்கூடாது.”

“ஒவ்வொரு நாளும் கந்தோரிலை நீங்கள் அதைத்தானே அப்பா கேட்கிறீங்கள்?”

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாள் அவள் எனக்கு ஓர் ஆய்வறிக்கையைத் தந்தாள். 2006இல் அமெரிக்காவின் இருதய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. எனக்குச் செய்த அதே பைபாஸ் சிகிச்சைக்காக ஆறு வைத்தியசாலைகளுக்கு வந்த 1,802 நோயாளர்களை மூன்று குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். முதற் குழுவுக்காக, கிறித்தவப் பிரார்த்தனைக் குழுக்கள் 14 நாட்கள் வேண்டின. இரண்டாம் குழுவுக்காக அக்குழுக்கள் வேண்டவில்லை. தமக்காக வேண்டுகிறார்களா இல்லையா என்பது இவ்விரு குழுவினருக்கும் தெரியாது. மூன்றாம் குழுவுக்காகவும் வேண்டினார்கள்; அது அவர்களுக்குத் தெரியும்.

முப்பது நாட்களுக்குள் உடற்சிக்கல் ஏற்பட்டவர்கள் முதற் குழுவில் நூற்றுக்கு 52 பேர், இரண்டாம் குழுவில் 51 பேர். வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று அறிந்திருந்த மூன்றாம் குழுவிலோ 59 பேர்.

நான் உடனே பிழை தேடத் தொடங்கினேன். முன்பின் தெரியாதவர் செய்யும் வேண்டுதலும் பெற்ற தாயின் வேண்டுதலும் ஒன்றா? இரண்டாம் குழுவினரின் வீட்டார் பிரார்த்திக்காமல் இருந்திருப்பார்களா? கேள்விகள் நியாயமானவையே. ஆனால் மகள் ஒன்று கேட்டாள்: “முடிவு மற்றப் பக்கம் வந்திருந்தால் இந்தப் பிழையளைத் தேடியிருப்பீங்களோ?” இலாபம் குறைந்தால் மட்டும் கணக்கில் பிழை தேடும் வாடிக்கையாளர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அன்று நானும் அவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

நேயர்களே, இந்தக் கேள்வி புதியதல்ல. 1877இல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஓர் உதாரணம் சொன்னார். ஒரு கப்பல் சொந்தக்காரர். கப்பல் பழையது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆண்டவன் காப்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையானதாக இருக்கலாம். ஆனால் அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இருந்ததா என்று கேட்டார் கிளிஃபர்ட். போதிய ஆதாரமில்லாமல் எதையும் நம்புவது தவறு என்பது அவர் முடிவு. 1896இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அதை மறுத்தார். ஆதாரத்தால் தீர்க்க முடியாத, ஆனால் வாழ்க்கையில் தீர்மானிக்காமலும் இருக்க முடியாத விடயங்கள் உண்டு; அங்கே நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்றார்.

நம் சைவமும் ஆதாரம் என்ற சொல்லுக்குப் பயந்து ஓடவில்லை. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் அளவை பற்றித் தனியாகவே பேசுகிறார். காட்சி, கருதல், உரை என்பவை அறிவுக்கான வழிகள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்னும் உலகாயதரையும் அவர் வாதத்துக்கு அழைக்கிறார். “கேள்வி கேளாதே” என்று அவர் வாயை மூடவில்லை.

எங்கள் பெற்றோர் காலத்தில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூரை நேயர்கள் சிலர் அறிந்திருப்பீர்கள். மோசடிக்கு இடமில்லாத சூழ்நிலையில் தெய்வீக சக்தியைச் செய்து காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதை வெல்லவில்லை.

அப்படியானால் கடவுள் நம்பிக்கையே பொய்யா? இங்கே என் தொழில் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது.

ஒரு மளிகைக் கடை இருபது ஆண்டுகளாக நேர்மையாக நடக்கிறது. சனங்கள் முதலாளியை நம்பித் தேடி வருகிறார்கள். இதை நன்மதிப்பு என்கிறோம். அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தானாக வளர்த்த நன்மதிப்பை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கணக்கியல் நியமங்கள் இடம் தருவதில்லை. ஏனெனில் அதை நம்பத்தகுந்தபடி அளக்க முடியாது. அது இல்லை என்று அந்த விதி சொல்லவில்லை. அளக்க முடியாததை எழுதிக் காட்டி அடுத்தவரிடம் கடன் வாங்காதே என்றுதான் சொல்கிறது.

என் நம்பிக்கையையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். என் மனத்துக்குள் அது இருக்கலாம். அதற்குச் சீட்டுக் காட்டு என்று எவரும் என்னைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அதைக் காட்டி நான் பிறரிடம் எதையும் பெறப் போனால், அந்த நிமிடமே சீட்டு வேண்டும். கடையை ஒருநாள் விற்றால் நன்மதிப்பின் விலை தெரிந்துவிடும். கடவுள் விடயத்தில் அந்த விற்பனை நாள் இந்த உலகில் வராது. என் உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இதை ஏன் வானொலியில் சொல்கிறேன்? சில மாதங்களுக்கு முன்னர் ஒலிபரப்புக்காக ஓர் அறிவித்தல் என் கைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவரின் பிரார்த்தனையால் நீரிழிவு முற்றாக மாறும், மாத்திரைகளை விட்டுவிடலாம் என்று அதில் இருந்தது. நான் வாசிக்க மறுத்துவிட்டேன். “உமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையோ?” என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் கடவுள் இருக்கிறார் என்பது ஒரு கூற்று. மாத்திரையை நிறுத்தினாலும் சீனி ஏறாது என்பது வேறொரு கூற்று. இரண்டாவதை இரத்தப் பரிசோதனையால் ஒரு காலைப்பொழுதில் சரிபார்க்கலாம். சரிபார்க்கக் கூடியதைச் சரிபார்க்காமல் ஒலிபரப்பியிருந்தால் நானும் அந்தக் கப்பல் சொந்தக்காரன்தான். இன்சுலினை நிறுத்திய ஒரு நேயருக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் அம்மாவின் நேர்த்தியை நான் எந்தப் பக்கத்தில் பதிவது? பல நாட்கள் யோசித்து மகளிடம் சொன்னேன்: “பிள்ளை, நான் தப்பினதுக்குக் காரணம் அப்பம்மாவின்ர நேர்த்தி எண்டு இனிச் சபையிலை சொல்ல மாட்டன். அதுக்கு என்னட்டைச் சீட்டு இல்லை. ஆனால் வீங்கின முழங்காலோட அவ எனக்காக நிலத்திலை விழுந்து எழும்பினதுக்குச் சீட்டுத் தேவையில்லை. அது நான் அவவுக்குப் பட்ட கடன்.”

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அடுத்த வருசம் நல்லூருக்கு நானும் வாறன் அப்பா” என்றாள். கும்பிடவா, பார்க்கவா என்று நான் கேட்கவில்லை.

நேயர்களே, நம்புங்கள், அல்லது நம்பாமல் இருங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் கடவுளின் பெயரைச் சொல்லி உங்கள் மருந்தையோ பணத்தையோ ஒருவர் கேட்டால், கூச்சப்படாமல் சீட்டுக் கேளுங்கள். அதனால் கடவுளுக்கு ஒரு குறையும் வராது.