கருத்த கத்தலையும் கடலுயிரியலும்

கடலுயிரியலின் வரலாற்றை 1872இல் புறப்பட்ட 'சேலஞ்சர்' கப்பலோடு தொடங்குவது வழக்கம். நாம் அதற்கு எண்பது ஆண்டுகள் முன்னே, தரங்கம்பாடிக் கரைக்குச் செல்வோம்.

கிள்ளான் சந்தையில் 'கெலாமா' என நாம் வாங்கும் மீன்வகைக்கு அக்கரையில் கத்தலை என்று பெயர். அங்குச் சமயப்பணி ஆற்றிய ஜெர்மானியர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், மீன்களைப் பெர்லின் மருத்துவர் பிளாக்குக்கு அனுப்பினார். தமிழ்ப்பெயர்களும் உடன் சென்றன. பிளாக் 1793இல் அவற்றுள் ஒன்றுக்கு இட்ட பெயர் 'ஜானியஸ் கருட்டா'. கருட்டா என்பது வேறொன்றன்று. 'கருத்த கத்தலை' என்பதன் அடைமொழியே.

மொழியியலார் இங்கே சற்று நிற்கவேண்டும். லின்னேயஸ் முறையில் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் இணைந்தே ஓர் உயிரியைச் சுட்டும். நம் வலைஞரும் அவ்வாறே பொதுப்பெயருக்கு அடைகொடுத்து மீன்களைப் பிரித்தறிந்தனர். அதற்கு அவர்கள் லின்னேயஸைக் கற்கவில்லை. பிளாக் அடையை வைத்துக்கொண்டார். பெயர்ச்சொல்லை நீக்கி, அவ்விடத்தில் மீன் அனுப்பிய ஜானை அமர்த்தினார். நன்றியறிதல்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் மீனையும் பெயரையும் தந்த வலைஞருக்கு அவ்விரு சொற்களில் எஞ்சியது ஒரு நிறம் மட்டுமே.

நீக்கப்பட்ட சொல் 1969இல் திரும்பிற்று. இந்திய அறிவியலாளர் மோகன் வகுத்த புதிய பேரினத்தின் பெயர் 'கதாலா'; தமிழரும் மலையாளிகளும் வழங்கும் கத்தலையே அது. பிரிக்பீல்ட்ஸ் வகுப்பறையில் உயிரியல் ஆசிரியர் இதனைக் கூறலாம். தமிழாசிரியரும் கூறலாம், ஒரு கெலாமாக் கருவாட்டைக் கையில் ஏந்தியபடியே.