பழைய மோட்டார் வண்டி வாங்குதல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியன் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு நகை விளைக்கலாம். வண்டிகளைக் கூர்ந்து நோக்குதலும், பட்டறைகளில் நின்று வினவி அறிதலும் இளமை முதல் எனக்குள்ள விருப்பம். அவ்விருப்பத்தால் அறிந்தவற்றுள் நம் குடும்பங்களுக்குப் பயன்படுவன சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

நம்மவருள் பலர் புதுவண்டி வாங்கும் நிலையினர் அல்லர். முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு சிறு கார், தொழில் தொடங்கும் இளைஞனுக்கு ஒரு சிறு சரக்கு வண்டி என்பன இக்காலத்தில் ஆடம்பரமாகா. இவற்றை வாங்கும் பணமோ, பல்லாண்டுச் சேமிப்பு. சில வீடுகளில் அடகு வைத்த நகை. அது பழுதுற்ற இரும்பில் முடங்குமாயின் அக்குடும்பம் தலையெடுக்க நெடுநாள் செல்லும். ஆதலின் யான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: விலைக் குறைவு வேறு, செலவுக் குறைவு வேறு. எவ்வண்டியைப் பழுதுபார்க்க நம் ஊரிலேயே ஆளும் உதிரிப் பாகமும் கிடைக்கின்றனவோ, எதன் ஆவணம் நம் பெயரில் நிற்கின்றதோ, அதுவே மலிவான வண்டி.

முதலிற் கார்களைக் காண்போம். 1983 டிசம்பரில் குர்கானில் வெளிவரத் தொடங்கிய மாருதி 800, 2014 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. மூன்று சிலிண்டர் கொண்ட அச்சிறு வண்டியைத் திறந்து மூடத் தெரியாத மெக்கானிக் நம் நாட்டில் அரியர். ஆயினும் கடைசியாக வந்த வண்டிக்கும் பத்தாண்டு கடந்துவிட்டமையின், துருவைக் கண்டு தெளிந்தே வாங்குக. அதனினும் வயது குறைந்த வண்டி வேண்டுவோர்க்கு ஆல்ட்டோவும் வேகன் ஆரும் என் கருத்தில் முதலிடம் பெறுவன. 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் உருவான அம்பாசடரைக் கண்டால் என் உள்ளம் இன்றும் உருகும். எனினும் அஃது அன்புக்காக வைத்துக்கொள்ளத் தக்கது. பெட்ரோலை எண்ணி எண்ணிப் போடும் குடும்பத்துக்கு ஏற்றதன்று.

பெரிய ஆடம்பரக் கார் ஒன்று, சிறு காரின் விலைக்கு வருகின்றதே என இளைஞர் மயங்குவர். விலை இறங்கியது வண்டிக்கு மட்டுமே. அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்கவில்லை. பட்டத்து யானையை மலிவாகப் பெற்றவனும் அதன் தீனியை மலிவாகப் பெறான். செவ்ரோலே கார்களின் விற்பனை 2017 இறுதியில் இந்நாட்டில் நின்றது. ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகரில் கார் செய்தலை 2022-இல் நிறுத்தியது. அவற்றுள் உறுதியான வண்டிகள் பல உண்டு. எனினும் சிற்றூரில் வாழ்பவர், ஒரு பாகம் எத்தனை நாளில் என்ன விலைக்கு வந்து சேரும் என்பதை விசாரித்து அறிந்த பின்னரே அவற்றை நாடுக.

எரிபொருளும் எண்ணத்தக்கது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு இணங்கிய டீசல் கார்களிற் கரியை வடிக்கும் வடிகட்டி உண்டு. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அவ்வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு பெரிது. ஆதலின் நாள்தோறும் நெடுந்தொலைவு செல்லாதவர்க்குப் பெட்ரோல் வண்டியே தக்கது. 2025 அளவில் நாடெங்கும் பெட்ரோலில் ஐந்திலொரு பங்கு எத்தனால் கலக்கப்படுகின்றது. அக்கலவையை எண்ணிச் செய்யப்படாத பழைய வண்டியை வாங்குவோர், அதன் ரப்பர்க் குழாய்களைச் சோதித்து, வேண்டுமாயின் மாற்றிக்கொள்க.

இனிச் சரக்கு வண்டி. 2005-இல் வெளிவந்த டாடா ஏஸ் என்னும் வண்டிக்குக் குட்டி யானை என்று மக்களே பெயரிட்டனர். முக்கால் டன் அளவு சுமக்கச் செய்யப்பட்ட அதன்மேல் ஒன்றரை டன் ஏற்றியவர் பலர். அதனால் பழைய குட்டி யானையை வாங்குவோர் எஞ்சினைக் கேட்குமுன் கீழே குனிந்து பார்த்தல் வேண்டும். பின்சக்கரங்களின் மேலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் படிந்து கிடக்கின்றனவா, சேஸிஸில் வெல்டிங் வைத்த தழும்பு உண்டா என நோக்குக. அவ்விரண்டும் உண்டாயின் வண்டியை விட்டுவிடுக.

சரக்கு வண்டிக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. பெறல் வேண்டும். ஆகவே எப்.சி. முடியும் தறுவாயில் விற்கப்படும் வண்டியின் விலையோடு, அதை எப்.சி.க்கு அணியப்படுத்தும் செலவையும் கூட்டிப் பார்க்க. சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டுவதில்லை. இலகுரக வண்டி உரிமம் உடையவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாமென 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. தொழில் தொடங்கும் இளைஞர்க்கு இவையிரண்டும் ஆறுதல் தருவன.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். காசு கொடுத்து வாங்கும் மாட்டை அவ்வாறு பாராதவனை உலகம் என்ன சொல்லும்? வண்டிக்கும் அஃதே. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று, நீங்களே முதன்முறை இயக்குக. நீலப் புகை வரின் எஞ்சின் ஆயிலைக் குடிக்கின்றது; கரும்புகை வரின் எரிபொருள் சரிவர எரியவில்லை. குளிர்காலத்தில் வெண்ணிற ஆவி சிறிது தோன்றி மறைதல் இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாதாயின் தண்ணீர் உள்ளே கசிகின்றது என்று அறிக. டயரின் பக்கத்தே நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 எனின் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பின் காரணம் கேட்க.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எழுந்த வெள்ளத்தில் எண்ணிறந்த வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியை மெருகிட்டு விற்பாரும் உளர். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றின் கறை காட்டிக்கொடுக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்பின் துருவும், கம்பளத்தின் வாடையும் சான்று கூறும்.

இறுதியாக, யாவற்றினும் முதன்மையான செய்திக்கு வருகின்றேன். நம்மவருக்குள் வண்டி கைமாறும்போது, “மாமன் மைத்துனர்க்குள் எழுத்து எதற்கு?” என்று பெயர் மாற்றாமல் விட்டுவிடும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் விற்பவரையும் கெடுக்கும்; வாங்குபவரையும் கெடுக்கும். வடநாட்டில், பெயர் மாற்றப்படாமலே பலர் கை மாறிய கார் ஒன்று 2009-இல் விபத்து விளைத்தது. ஓர் உயிர் போயிற்று. அவ்வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், எவர் பெயர் பதிவில் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பாளர் என்று தீர்ப்பளித்தது. வண்டியை விற்று நெடுநாளான பின்னும் அவரை அந்த ஆர்.சி. புத்தகம் விடவில்லை. உறவின் பொருட்டு எழுத்தைத் தவிர்க்கின்றோம். அவ்வெழுத்தின்மையே பின்னர் உறவை முறிக்கின்றது.

ஆதலின் 29-ஆம் 30-ஆம் படிவங்களிற் கையெழுத்திட்டு, விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்துவிடுக. கடனில் இருந்த வண்டியாயின், கடன் தீர்ந்ததற்குரிய 35-ஆம் படிவம் இன்றிப் பணம் கொடாதீர். இன்ஷூரன்ஸையும் 14 நாளில் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க. மாற்றாவிடின், பிறர்க்கு நேரும் கேட்டுக்கு இழப்பீடு கிடைப்பினும், உங்கள் வண்டிக்கு நேரும் கேட்டுக்குக் கிடைத்தல் அரிது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தல் வேண்டும். அந்நாளுக்கு எத்தனை திங்கள் உள்ளன என்பதையும் எண்ணி விலை பேசுக.

நம்பத்தக்க பட்டறைக்காரர் ஒருவர்க்குக் கூலி கொடுத்து, வாங்குமுன் வண்டியைக் காட்டுக. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடாமல், ஐந்தில் ஒரு பங்கை முதலாண்டின் பழுதுக்கென ஒதுக்குக.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி வாங்குவதற்கென்று வீட்டில் உங்கள் நகையைக் கேட்பார்களாயின், மறுக்க வேண்டா. ஆர்.சி. புத்தகத்தை முதலிற் காட்டுக என்று மட்டும் கேளுங்கள். அதிற் காணும் பெயரும் விற்க வந்தவர் பெயரும் ஒன்றாயின், பின்னர்ப் பேசிக்கொள்ளலாம்.