காசில்லாமல் உடம்பு தேற
(ஆலந்தலைக் கடற்கரைக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



உடம்பு தேற டானிக் வாங்கு, பணம் கட்டி ஜிம்முக்குப் போ என்கிறார்கள். நமக்கு எதற்கு? காலையில் அரை மணி நேரம் இந்த மணலில் வேகமாக நடப்போம். மாலையில் சடுகுடு ஆடுவோம். சாளை மீன், முருங்கைக் கீரை, வேர்க்கடலை இவற்றில் இல்லாத சத்தா டானிக்கில் இருக்கிறது?

"நாள் முழுதும் வலை இழுக்கிறோம், நாற்று நடுகிறோம், மில்லில் நிற்கிறோம், அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. ஒரே விதமாகக் குனிந்தால் இடுப்புத்தான் நோகும். உடம்பு முழுதும் ஓடியாட வேண்டும். பிறகு ஓய வேண்டும்.

அந்த ஓய்வு சும்மா கிடைத்ததா? 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா தலைமையில் வேலைநிறுத்தம் செய்துதான் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நமது சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மே தினத்தன்று வாபஸ் என அறிவிக்கப்பட்டது.

சடுகுடுவுக்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் காப்பது சங்கம். மணலுக்கும் வாருங்கள், சங்கத்துக்கும் வாருங்கள்!