மரத்தடியில் தின்ற களி



சமையலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தருமபுரிக்காரன் களியை விட்டு வேறென்ன பேசுவான்! அம்மா தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பிய ராகிக் களியை இந்தக் கல்லூரி மரத்தடியில் ஒளிந்து தின்றவன் நான். அரிசிச் சோறுதான் கௌரவம்னு நினைப்பு. 2023-இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில், விரும்பியவர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். "இதை எப்படிங்க கிண்டறது?" என்று ஒளிந்து தின்ற என்னிடமே வந்து கேட்டார்கள்.

சொல்றேன். முதலில் நொய்யைக் குழைய வேகவிடணும். அந்தக் கொதியிலேயே மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, மூடி, சிறுதீயில் விட்டுடணும். அவசரப்பட்டுக் கிண்டினால் கட்டி தட்டும். மாவு வெந்தபிறகு துடுப்பை இறுக்கிப் பிடித்துக் கிண்டணும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். சுடச்சுட உருட்டி, கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கணும். மெல்லக்கூடாது!

அந்தப் பதம் எனக்குக் கைவர நாலு வருஷம் ஆச்சு. அம்மா இருந்தவரை ஒருநாளும் அடுப்படியில் நின்று பார்த்ததில்லை. நாக்கில் மிச்சமிருந்த ருசியை வைத்தே திருத்தித் திருத்திக் கிண்டினேன்.

இன்று மதியப் பந்தியில் களி என் கைப்பக்குவம். அதே மரத்தடியில்தான் இலை போடுகிறோம். எல்லாரும் வாங்க.