கம்பி சொல்லும் சாட்சி

சந்தையிற் பானை வாங்கும் மூதாட்டி அதனை முதலில் விரலாற் சுண்டிப் பார்க்கிறாள். கணீரென்று ஒலித்தால் விலை பேசுகிறாள். ஒலி மங்கினால், கீறல் உண்டெனக் கண்டு வைத்துவிடுகிறாள். பொருளைச் சிறிது வருத்தி, அது மீளும் விதத்தால் அதன் இயல்பை அறிவதே இது. பௌதிகவியலார் இதனையே அளந்து செய்கின்றனர்.

இங்கிலாந்தின் றொபேட் ஹூக் என்பார், வில்லின் நீட்சி அதனை இழுக்கும் விசைக்கு நேர்விகிதமானது எனக் கண்டார். பிறர் கவர்ந்துகொள்வர் என்று அஞ்சினார் போலும்! 1676 இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டு, 1678 இலேயே விடையை வெளியிட்டார்.

ஒரே நிறப் பூச்சுப் பூசிய மூன்று கம்பிகள் ஓர் உத்தரத்தில் தொங்குகின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 2 மீற்றர் நீளம், 1 மில்லிமீற்றர் விட்டம். ஒவ்வொன்றிலும் 2 கிலோகிராம் சுமையைத் தொங்கவிட்டால், ஒன்று ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர் நீளும், மற்றொன்று 0.4, மூன்றாவது 0.7. முதலாவது உருக்கு, அடுத்தது செம்பு, இறுதியானது அலுமினியம். தகைப்பை விகாரத்தால் வகுத்துப் பெறும் இவ்வியல்பெண்ணே யங்கின் மட்டு எனப்படுவது.

அளவீட்டில் ஓர் இடர் உண்டு. அறையின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தாலே அவ்வுருக்குக் கம்பி, சுமையின்றியும், ஏறத்தாழ அதே 0.25 மில்லிமீற்றர் நீண்டுவிடும். சுமையால் உத்தரமும் சற்று வளையும். ஆகவே சோதனைக் கம்பியின் அருகே அதே உலோகத்தாலான மற்றொரு கம்பியைத் தொங்கவிட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே நுண்மானித் திருகினால் அளப்பர். வெயிலும் உத்தரமும் இரண்டையும் ஒப்பவே தாக்குமாதலின், எஞ்சுவது சுமையின் செயல் மட்டுமே.

இறப்பர் இலகுவாக நீள்வதால் அதனையே மீள்தன்மை மிக்கதென்பது உலக வழக்கு. பௌதிகவியலோ, மட்டு பெரிதாயுள்ள உருக்குக்கே அப்பெருமையை அளிக்கிறது.

எனினும் இச்சோதனையை அளவுக்கு மிஞ்சி நம்பலாகாது. மென்மையான உருக்குக்கும் கடினமாக்கிய உருக்குக்கும் யங்கின் மட்டு ஏறக்குறைய ஒன்றே. பாரந்தூக்கியின் வடத்துக்கு எது ஏற்றதென்று சிறு சுமையின் நீட்சியைக் கொண்டு கூற முடியாது. அதற்கு, துண்டொன்றை வெட்டி, சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் இறக்கிப் பார்த்தல் வேண்டும். மென்மையான கம்பி, கடினமானது இன்னும் மீண்டுகொண்டிருக்கும் சுமையிலேயே, பழைய நீளத்துக்குத் திரும்பாது நின்றுவிடும். அந்த எல்லையை அறிந்த பின்னரே, அதற்கு வெகு கீழாக, வடம் தாங்கவேண்டிய பாரத்தைப் பொறியியலாளர் குறிப்பர்.